உலாவியில் எக்ஸ்எம்எல் உள்ளடக்கத்தைத் திருத்துவது: நான்கு வழிகள், எது யாருக்கு?

தளத்தின் உள்ளடக்கம் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கிறது, அதாவது உரையின் ஒவ்வொரு பகுதியையும் டேக் என்ற பெயர்க்குறிகளுக்குள் வைத்த கோப்புகளாக. எழுதுகிறவர்களுக்கு டேக் தெரியாது. தங்கள் கணினியில் எதையும் நிறுவவும் முடியாது. உலாவியைத் திறந்து, திருத்தி, சேமித்துவிட்டுப் போக வேண்டும். இந்தத் தேவையோடு தேடினால் கிடைக்கும் கருவிகள் எல்லாம் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: கோட் எடிட்டர், படிவம், வழக்கமான எச்டிஎம்எல் எடிட்டரில் எழுதவைத்து எக்ஸ்எம்எல்லாக மாற்றுவது, ஸ்கீமா (எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதித்தொகுப்பு) அறிந்த காட்சி எடிட்டர். டெமோவில் எது அழகாக இருந்ததோ அதை எடுத்துவிட்டுப் பின்னால் அவதிப்படுகிற குழுக்கள்தான் அதிகம். எந்த எடிட்டர் என்பதை உங்கள் கோப்பின் அமைப்பு தீர்மானிக்கட்டும். எழுதுகிறவரின் வசதி அதற்கு அடுத்த கேள்வி.

முதலில் கோப்பைப் பிரித்துப் பாருங்கள்

எக்ஸ்எம்எல் உள்ளடக்கம் இரண்டு ரகம். ஒன்று தரவு ரகம்: நிகழ்ச்சிப் பட்டியல், ஊழியர் விவரம், பொருள் அட்டவணை. ஒரு டேக்குக்குள் உரை மட்டும் இருக்கும், அல்லது வேறு டேக்குகள் மட்டும் இருக்கும். மற்றது கலப்பு ரகம்: கட்டுரை, கையேடு, உதவிப் பக்கம். அதில் ஒரு பத்தி இப்படி இருக்கும்:

<பத்தி>விண்ணப்பத்தை <அழுத்தம்>இன்றே</அழுத்தம்> <இணைப்பு இலக்கு="படிவம்-7">படிவத்தில்</இணைப்பு> நிரப்பவும்.</பத்தி>

அழுத்தம் முடிந்து இணைப்பு தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறதே, அதைக் கவனத்தில் வையுங்கள். கருவிகள் அதிகமாகத் தொலைப்பது அந்த ஒற்றை இடைவெளியைத்தான்.

உங்கள் கோப்புகள் எந்த ரகம் என்று ஊகிக்கத் தேவையில்லை. வெற்று இடமல்லாத உரையும் உள்-டேக்கும் ஒருசேரக் கொண்ட எலிமென்ட்கள் (தொடக்க டேக் முதல் முடிவு டேக் வரையான துண்டுகள்) எவை என்று ஓர் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழி) வினவலை எல்லாக் கோப்புகள் மீதும் ஓட்டி, பெயர்வாரியாக எண்ணுங்கள். பட்டியல் காலியாக வந்தால் படிவம் போதும். 'விவரிப்பு' போன்ற ஒன்றிரண்டு பெயர்கள் மட்டும் வந்தால், படிவத்துக்குள் ஒரு சிறிய செழுமை-உரைப் பெட்டி போதும். பத்துப் பதினைந்து பெயர்கள் வந்தால் படிவத்தை மறந்துவிடலாம்.

அடுத்த கேள்வி ஸ்கீமா. டிடிடி, எக்ஸ்எஸ்டி, ரிலாக்ஸ் என்ஜி என்ற ஸ்கீமா மொழிகளில் எதிலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால், எங்கே எந்த டேக் வரலாம் என்று எந்த எடிட்டருக்கும் தெரியாது. டிராங் என்ற கருவி இருக்கிற கோப்புகளிலிருந்தே ஒரு ஸ்கீமாவை ஊகித்துத் தரும். ஆனால் மாதிரியில் இருந்தது மட்டுமே அதற்குத் தெரியும். மாதிரியில் எல்லாப் பட்டியலிலும் ஒரே ஓர் உருப்படி மட்டும் இருந்தால் பல உருப்படிப் பட்டியலை அது எதிர்பார்க்காது. கையால் திருத்திய பிறகே பயன்படுத்துங்கள். டீட்டா, டாக்புக் (தொழில்நுட்ப ஆவணங்களுக்கு), டிஇஐ (இலக்கிய, ஆய்வு நூல்களுக்கு) போன்ற, ஸ்கீமாவோடே வரும் பொது வடிவங்களில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

திறந்து மூடும் சோதனை

கருவிகளை ஒப்பிடும் முன் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனையை வையுங்கள். சுமார் 20 கோப்புகளைப் பொறுக்குங்கள்: மிகப் பெரியது, மிகப் பழையது, கமென்ட் உள்ளது, செயலாக்கக் குறிப்பு (மென்பொருளுக்கான கட்டளை) உள்ளது, தலையில் டாக்டைப் அறிவிப்பு (எந்த டிடிடி என்று சொல்லும் வரி) உள்ளது, என்டிட்டி (வேறு உரைக்குப் பதிலாக நிற்கும் சுருக்கப் பெயர்) உள்ளது, அட்டவணை உள்ளது, இரண்டு நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்ற அடையாளம்) கலந்தது. அவற்றை ஒரு கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் போடுங்கள். ஒவ்வொன்றையும் எடிட்டரில் திறந்து, ஒரே ஓர் எழுத்தை மாற்றி, சேமித்து, கிட்டில் வேறுபாட்டைப் பாருங்கள். ஒரு வரி மட்டும் மாறியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் அப்படி வராது. அட்ரிபியூட்டின் (டேக்குக்குள் எழுதும் பண்பின்) மேற்கோள்குறி ஒற்றையிலிருந்து இரட்டையாகும், காலி டேக் எழுதும் முறை மாறும், உள்தள்ளல் மாறும். இவை பொருளைக் கெடுக்காது. ஆனால் யார் எதைத் திருத்தினார் என்று பின்னால் பார்க்கும்போது உண்மையான மாற்றம் இந்தக் குப்பையில் புதைந்துபோகும். ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் அந்த எடிட்டர் வழியாகவே சேமித்து, தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரே பதிவாக) போட்டுவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

கெடுக்கிறவை வேறு. உலாவியின் சொந்த டாம் (கோப்பை நினைவகத்தில் மரமாக வைக்கும் அமைப்பு) வழியாகப் படித்து எழுதும் எடிட்டர், டாக்டைப் அறிவிப்பின் பெயரையும் முகவரியையும் மட்டும் வைத்துக்கொள்ளும். அதனுள் நீங்கள் அறிவித்திருந்த என்டிட்டிகள் போய்விடும், உரையில் அவை இருந்த இடமெல்லாம் விரிந்த சொற்களாக நிற்கும். டிடிடி-யைப் படிக்கும் சர்வர் வழி எடிட்டரில் எதிர்ச் சிக்கல்: டிடிடி-யில் உள்ள இயல்புநிலை அட்ரிபியூட்களை அது கோப்பிலேயே எழுதிவைக்கும். டீட்டா கோப்பில் இது நடந்தால் ஒவ்வொரு டேக்கிலும் ஒரு கிளாஸ் அட்ரிபியூட் முளைத்துவிடும். கமென்ட், செயலாக்கக் குறிப்பு, மேலே சொன்ன அந்த இடைவெளி ஆகிய மூன்றில் ஒன்று காணாமல் போனாலும் அந்தக் கருவியை அப்போதே ஒதுக்கலாம். அமைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். 'அடுத்த பதிப்பில் வரும்' என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக எழுதிய கருவிகளில் அடிக்கடி தென்படும் இன்னொரு கோளாறு: எக்ஸ்எம்எல் உரையை டாமாக மாற்றும் உலாவியின் டாம்பார்சர், தவறான எக்ஸ்எம்எல்லைக் கொடுத்தால் பிழை எறிந்து நிற்காது. பிழைச் செய்தியையே ஓர் எலிமென்டாக்கி, ஓர் ஆவணமாகத் திருப்பித் தரும். நிரல் அதைச் சோதிக்காமல் விட்டால், அந்தச் செய்தியும் சேர்ந்தே கோப்பில் சேமிக்கப்பட்டுத் தளத்தில் வெளியாகும்.

கோட் எடிட்டர்

கோட்மிரர், மொனாகோ இரண்டும் இந்த வகையின் அடித்தளம். இவற்றைத் தனியாகவும் பொருத்தலாம். ஏற்கெனவே பொருத்தியதாகவும் கிடைக்கும். கிட்ஹப் களஞ்சியப் பக்கத்தில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் உலாவிக்குள்ளேயே விஎஸ் கோட் திறக்கும். எக்சிஸ்ட்-டிபி தரவுத்தளத்துடன் எக்சைட் என்ற எடிட்டர் வருகிறது.

உரையை உரையாகவே வைத்திருப்பதால் திறந்து மூடும் சோதனையில் முழு மதிப்பெண் இந்த வகைக்குத்தான். செலவும் குறைவு. குறை என்னவென்றால், நிறம் காட்டுவதைச் சரிபார்ப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மொனாகோ எக்ஸ்எம்எல்லுக்கு நிறம் தரும். ஸ்கீமா படி சரியா என்று பார்க்காது. கோட்மிரருக்கு டேக் பட்டியலைக் கொடுத்தால் பரிந்துரை காட்டும், அவ்வளவுதான். உலாவி விஎஸ் கோட்டில், பின்னணியில் தனிச் செயல்முறை தேவைப்படும் நீட்சிகள் ஓடாது. மேசைக் கணினியில் பழகிய ஜாவா வழி எக்ஸ்எம்எல் நீட்சியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே சரிபார்ப்பை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேமி பொத்தானை அழுத்தியதும் சர்வரில் எக்ஸ்எம்எல்லின்ட் அல்லது ஜிங் என்ற சரிபார்ப்புக் கருவி ஓடி, வரி எண்ணோடு பிழையைத் திருப்பித் தர வேண்டும்; அந்த வரியின் ஓரத்தில் எடிட்டர் குறி போட வேண்டும். எக்ஸ்எம்எல்லின்ட்டின் வெப்அசெம்பிளி வடிவமும் உண்டு. சர்வரைத் தொடாமல் உலாவியிலேயே ஓட்டலாம். பிழைச் செய்தியை அப்படியே காட்டாதீர்கள். 'இந்த எலிமென்ட் எதிர்பார்க்கப்படவில்லை, எதிர்பார்க்கப்பட்டவை இவற்றுள் ஒன்று' என்று 30 பெயர்களை அடுக்கும் செய்தி எழுத்தாளருக்குப் பயன்படாது. அடிக்கடி வரும் பத்துப் பிழைகளுக்காவது சொந்த வாசகம் எழுதுங்கள். ஸ்கீமட்ரான் என்ற விதி மொழியில் செய்தியை உங்கள் மொழியிலேயே எழுதலாம் என்பதால் இதற்கு அது வசதி.

இரண்டு மூன்று பேர், டேக்கைப் பார்த்துப் பயப்படாதவர்கள், வாரத்துக்குச் சில திருத்தங்கள் என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

படிவம்

தரவு ரகத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. எழுதுகிறவர் டேக்கைப் பார்ப்பதே இல்லை. தேதிக்குத் தேதிப் பெட்டி, வகைக்குக் கீழிறங்கு பட்டியல், 'இன்னொன்று சேர்' பொத்தான்.

எக்ஸ்எம்எல்லோடு பிறந்த வழி எக்ஸ்ஃபார்ம்ஸ். 1.0 பதிப்பு 2003-லும் 1.1 பதிப்பு 2009-லும் டபிள்யூ3சி (வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) பரிந்துரைகளாக வந்தன. எந்த உலாவியும் அதை நேரடியாக ஏற்கவில்லை என்பதால் நடுவே ஒரு செயலி வேண்டும். ஆர்பியன் சர்வரில் ஓடுகிறது. எக்ஸ்எஸ்எல்டிஃபார்ம்ஸ் உலாவியில் ஓடுகிறது. அதன் வழக்கமான முறை, உலாவிக்குள் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி-யை (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியை) நம்பியது. அதில் இப்போது ஓர் ஆபத்து இருக்கிறது. முன்னோட்டம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எக்ஸ்ஃபார்ம்ஸில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

முதலாவது, பொருத்தமற்றவை நீக்கம். 'வகை நிகழ்ச்சி என்றால் மட்டும் இடம், நேரம் காட்டு' என்று விதி எழுதுவீர்கள். எழுத்தாளர் தவறுதலாக வகையைச் செய்தி என்று மாற்றிச் சேமித்தால், மறைந்த புலங்கள் திரையிலிருந்து மட்டும் போவதில்லை. அனுப்பும்போது இயல்பாகவே எக்ஸ்எம்எல்லிலிருந்தும் வெட்டப்படும். பின்னர் அந்தக் கோப்பைத் திறந்து நிகழ்ச்சி என்று மாற்றினாலும் பழைய விவரம் திரும்பாது. சேமிப்புக் கட்டளையில் இந்த வெட்டலை அணைத்துவிடுங்கள். வெளியிடும் கட்டத்தில் மட்டும் வெட்டுங்கள்.

இரண்டாவது, காலித் தேதி. கட்டாயமில்லாத தேதிப் புலத்தை நிரப்பாமல் விட்டால் காலி டேக் ஒன்று சேமிக்கப்படும். எக்ஸ்எஸ்டி-யின் தேதி வகைக்குக் காலி உரை செல்லாது. ஆகவே ஒன்றும் எழுதாத புலத்துக்காகக் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்படும். ஸ்கீமாவில் காலியையும் ஏற்கும் ஒன்றிய வகையை எழுதுங்கள், அல்லது சேமிக்கும் முன் காலி டேக்கை அகற்றுங்கள்.

மூன்றாவது நேம்ஸ்பேஸ். படிவப் பக்கத்துக்குள் பொதிந்த மாதிரித் தரவுக்கு வெற்று நேம்ஸ்பேஸ் என்று வெளிப்படையாக அறிவிக்காவிட்டால், அது பக்கத்தின் எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸைச் சுவீகரித்துக்கொள்ளும். பெட்டிகள் காலியாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது, பிழையும் வராது. 'படிவம் வேலை செய்யவில்லை' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எக்ஸ்ஃபார்ம்ஸ் வேண்டாம் என்றால், சோனமி என்ற திறமூல எடிட்டர் உண்டு. அமைப்பை ஜாவாஸ்கிரிப்ட் பொருளாக விவரித்தால் மரவடிவில் திருத்தலாம். அகராதிப் பதிவு போன்ற சிறிய, ஆழமான அமைப்புகளுக்குப் பொருந்தும். கிட் வழி உள்ளடக்க மேலாண்மைகளில் டிகேப் பெயர்பெற்றது. ஆனால் அது இயல்பாக மார்க்டவுன், ஜேசான், யாமல், டாமல் வகைகளையே எழுதும். எக்ஸ்எம்எல்லுக்குத் தனி வடிவ மாற்றியை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். தரவு ரகக் கோப்புகளுக்கு அது ஒரு சிறிய வேலை. கலப்பு ரகத்துக்கு முயலாதீர்கள்.

எச்டிஎம்எல் எடிட்டர், பின்னால் மாற்றம்

எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான். பெரும்பாலும் வருந்துவதும் இதற்குத்தான். திட்டம் எளிது: எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லாக்கி டைனிஎம்சிஇ அல்லது சிகேஎடிட்டரில் காட்டு, சேமிக்கும்போது திரும்ப எக்ஸ்எம்எல்லாக்கு. எழுத்தாளருக்குப் பழகிய திரை, ஒரே நாளில் டெமோ தயார்.

சிக்கல் திரும்பும் வழியில். இந்த எடிட்டர்கள் தங்களுக்குத் தெரியாததைச் சத்தமில்லாமல் கைவிடும். டைனிஎம்சிஇ-யில் அனுமதிப் பட்டியலில் இல்லாத டேக்கும் அட்ரிபியூட்டும் போய்விடும். சிகேஎடிட்டர் 5 உள்ளே வரும் எச்டிஎம்எல்லைத் தன் சொந்த மாதிரியாக மாற்றிக்கொள்கிறது. எந்தச் செருகுநிரலும் உரிமை கோராத எதுவும் அந்த மாதிரிக்குள் நுழையாது. எழுத்தாளர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்திருப்பார். மூன்று பத்தி தள்ளியிருக்கும் அடிக்குறிப்பு இணைப்பு காணாமல் போயிருக்கும். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

தலைப்புகள் இன்னொரு பள்ளம். எச்டிஎம்எல்லில் தலைப்புகள் தட்டையாக வரிசையில் நிற்கும். டாக்புக் போன்றவற்றில் பகுதிக்குள் பகுதி என்று அடுக்கு இருக்கும். தட்டையை அடுக்காக்க எக்ஸ்எஸ்எல்டி 2.0-வின் குழுவாக்கம் கைகொடுக்கும், 1.0-வில் இதே வேலை நெளிந்து வளைந்துதான் முடியும். எழுத்தாளர் எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக இரண்டாம் நிலைத் தலைப்பிலிருந்து நேராக நான்காம் நிலைக்குத் தாவியிருந்தால், நடுவில் இல்லாத ஓர் அடுக்கை உங்கள் மாற்றி என்ன செய்யும் என்று முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். வேர்டிலிருந்து ஒட்டும் உரை தனிக்கதை.

எச்டிஎம்எல்லில் எங்கும் பழகிய உடையாத இடைவெளியின் பெயர்-என்டிட்டி எக்ஸ்எம்எல்லில் கிடையாது. எக்ஸ்எம்எல் அறிந்த பெயர்-என்டிட்டிகள் ஐந்தே: ஆம்பர்சண்ட், சிறியது குறி, பெரியது குறி, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். டாக்டைப்பில் நீங்களே அறிவிக்காத மற்றது எது வந்தாலும் 'அறிவிக்கப்படாத என்டிட்டி' என்று கோப்பே திறக்காது. எண் வடிவமான &#160; என்று மாற்றியே சேமிக்க வேண்டும். ஒட்டிய உரையோடு இது வந்து சேரும் என்பதால் முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள்.

இந்த வழியை முற்றாக ஒதுக்கவும் வேண்டியதில்லை. பத்தி, பட்டியல், அழுத்தம், சாய்வு, இணைப்பு என்று ஐந்தாறு டேக்குகளுக்கு மேல் இல்லாத ஒரு புலத்துக்கு, படிவத்தின் உள்ளே, இது கச்சிதம். அதற்கு புரோஸ்மிரரை எடுப்பது மேல். அதில் 'இதற்குள் இவை மட்டும், இத்தனை முறை' என்று டிடிடி பாணியிலேயே ஸ்கீமா எழுதலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அது அழுத்தம், சாய்வு போன்றவற்றை அடுக்காக வைக்காமல் உரைமேல் ஒட்டிய குறிகளாக வைத்திருக்கிறது. சாய்வுக்குள் அழுத்தம் என்று இருந்தது சேமித்தபின் அழுத்தத்துக்குள் சாய்வு என்று புரண்டு வரலாம். உங்கள் ஸ்கீமாவில் வரிசைக்குப் பொருள் உண்டென்றால் இது செல்லாது.

ஸ்கீமா அறிந்த காட்சி எடிட்டர்

கலப்பு ரகம், பல எழுத்தாளர்கள், உறுதியான ஸ்கீமா ஆகிய மூன்றும் சேர்ந்தால் போக வேண்டிய இடம் இதுதான். ஆக்சிஜன் எக்ஸ்எம்எல் வெப் ஆதர், ஃபோன்டோ, எக்செடிட்டர் ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். எல்லாம் வணிக மென்பொருள்.

முதல் இரண்டும் வேலைசெய்யும் விதம் வேறு. வெப் ஆதர் ஜாவா சர்வரில் ஓடுகிறது. டாம்கேட் போன்ற ஒன்றில் ஏற்றுவீர்கள். திரைத் தோற்றம் சிஎஸ்எஸ் மூலம் வருகிறது. மேசைக் கணினி ஆக்சிஜனுக்கு எழுதிய ஃபிரேம்வொர்க்கை (ஒரு ஸ்கீமாவுக்கான அமைப்புத் தொகுப்பை) இங்கேயும் பயன்படுத்தலாம் என்பது பெரிய லாபம்: ஒருவர் மேசையில், மற்றவர் உலாவியில் என்று கலந்து வேலைசெய்யும் குழுவுக்கு இதுவே காரணமாகப் போதும். ஆவணத்தின் உண்மை நிலை சர்வரில் இருப்பதால் இணைப்பு மெதுவானால் தட்டச்சிலேயே தெரியும். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஆவணங்களின் எண்ணிக்கைக்கேற்ப சர்வர் நினைவகத்தை ஒதுக்க வேண்டும்.

ஃபோன்டோ உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டாக ஓடுகிறது. அதன் கொள்கை கண்டிப்பானது: ஸ்கீமாவை மீறும் செயலுக்கான பொத்தானே மங்கிவிடும். எழுதுகிறவருக்கு எக்ஸ்எம்எல் என்ற நினைப்பே வராத அளவுக்கு வேர்டு போல ஆக்கலாம். அதற்கு விலை, அமைப்பு வேலை. ஒவ்வொரு எலிமென்டும் திரையில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்று நிரலாளர் உட்கார்ந்து எழுத வேண்டும். சொந்த ஸ்கீமா வைத்திருப்பவர்கள் உரிமத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கூலியைக் கணக்கில் விடுகிறார்கள். நூறு எலிமென்ட் கொண்ட ஸ்கீமாவில் எழுத்தாளர்கள் உண்மையில் பயன்படுத்துவது எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். பயன்படாதவற்றைத் திருத்தத்துக்கான ஸ்கீமாவிலிருந்து நீக்கினால் அமைப்பு வேலையும் குறையும், மெனுவும் சுருங்கும்.

மாற்றத் தடம் (வேர்டின் டிராக் சேஞ்சஸ் போன்றது) வேண்டுமென்றால் அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஆக்சிஜன் அதைச் செயலாக்கக் குறிப்புகளாகக் கோப்புக்குள்ளேயே எழுதுகிறது. சேர்த்த உரை இரண்டு குறிப்புகளுக்கு நடுவே சாதாரண உரையாக நிற்கும். நீக்கிய உரை குறிப்பின் உள்ளே ஒளிந்திருக்கும். இதில் இரண்டு விளைவுகள். ஒப்புதல் தராமலே வெளியிட்டால், எல்லா மாற்றமும் ஏற்கப்பட்டது போலப் பக்கம் வெளியாகும். மூல எக்ஸ்எம்எல்லைப் பொதுமக்களுக்குத் தரும் தளம் என்றால், நீக்கிய வாசகமும் திருத்தியவர் பெயரும் அதற்குள் படிக்கக் கிடைக்கும். வெளியீட்டுப் படியில் 'தடக்குறிப்பு மீதமிருந்தால் நிறுத்து' என்று ஒரு சோதனை வையுங்கள்.

கேட்க மறக்கும் இன்னொன்று அடையாளக் குறி. ஒரு பகுதியை நகலெடுத்து ஒட்டினால் அதன் அடையாளமும் நகலாகும். ஒரே கோப்பில் ஒரே அடையாளம் இருமுறை வந்தால் கோப்பு செல்லாது. ஒட்டும்போது புதிதாக உருவாக்குகிறதா, நீக்குகிறதா, அப்படியே விட்டுப் பிழை காட்டுகிறதா என்று நேரில் செய்து பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கூடுதலாக ஒன்றைச் சோதிக்க வேண்டும், எந்த வகை எடிட்டரானாலும். கைப்பேசி விசைப்பலகையிலும் கணினியின் ஒலிப்பு விசைப்பலகையிலும் ஒரு டேக்கின் முதல் எழுத்தாகவும் கடைசி எழுத்தாகவும் 'கொ', 'கௌ' தட்டிப் பாருங்கள். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நொடியில் எடிட்டர் டேக் எல்லையைக் காக்க முனைந்தால் எழுத்து இரட்டிக்கும் அல்லது மறையும். சேமித்த கோப்பில் 'கொ' என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடா, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியா என்றும் பாருங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் ஒன்றை மற்றது கண்டுபிடிக்காது. சேமிக்கும் வழியில் என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) ஒன்றைப் போட்டுவிட்டால் இது தீர்ந்தது. 'ஔ'-வுக்குப் பதில் 'ஒ'-வையும் 'ள'-வையும் சேர்த்து அடித்ததை மட்டும் அது சரிசெய்யாது.

எங்கே சேமிப்பது

எடிட்டருக்கு இணையாக முக்கியமான முடிவு இது. எளியது வெப்டாவ்: சர்வரில் ஒரு கோப்புறை, அதில் பூட்டு வசதி. ஒருவர் திறந்தால் மற்றவருக்கு 423 (பூட்டப்பட்டுள்ளது) என்ற பிழை வரும். உலாவித் தத்தலை (டேப்) சும்மா மூடிவிட்டுப் போகிறவர்களால் பூட்டு அநாதையாகக் கிடக்கும். பூட்டின் ஆயுளைப் பத்து நிமிடம் போலக் குறைவாக வைத்து, எடிட்டர் திறந்திருக்கும்வரை அதுவே புதுப்பிக்கும்படி செய்தால் சரியாகும்.

பூட்டு வேண்டாமென்றால் ஈடேக் (கோப்பின் பதிப்பைக் குறிக்கச் சர்வர் தரும் அடையாளம்) வழி: திறந்தபோது இருந்த ஈடேக்கைச் சேமிக்கும்போது அனுப்புங்கள், நடுவில் யாராவது மாற்றியிருந்தால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) என்ற பிழை வரும். அப்பாச்சி சர்வரில் சுருக்கல் இயங்கினால் ஈடேக்கின் பின்னால் ஒரு ஒட்டு சேரலாம். யாருமே தொடாத கோப்புக்கும் 412 வருவது அதனால்தான். அந்தப் பாதைக்குச் சுருக்கலை அணையுங்கள். 412 வந்தால் எழுதியதைத் தூக்கியெறியாமல் தனி வரைவாகக் காக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பல கருவிகள் செய்வதில்லை.

கிட் வரலாற்றுக்கும் ஒப்புதலுக்கும் சிறந்தது. அது வரிவரியாக இணைக்கிறது என்பதே அதன் எல்லை. முழுப் பத்தியும் ஒரே நீள வரியாக இருந்தால் இருவர் இரு சொல்லைத் திருத்தினாலும் மோதல் வரும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் குறையும். ஆனால் காட்சி எடிட்டர் அடுத்த சேமிப்பில் வரிகளை மறுபடி ஒட்டிவிடலாம். இதைவிட மோசம், மோதலே காட்டாமல் இணைந்து, இணைந்த கோப்பு எக்ஸ்எம்எல்லாகவே இல்லாமல் போவது. தனித்தனியே சரியான இரண்டு கோப்புகளின் இணைப்பு சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சரிபார்ப்பை இணைப்புக்குப் பிறகும் ஓட்டுங்கள்.

எக்சிஸ்ட்-டிபி, பேஸ்எக்ஸ் போன்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளங்களின் பலம் எக்ஸ்குவெரி என்ற வினவல் மொழி. 'இந்த அடையாளத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன' என்பது அங்கே ஒரு வரிக் கேள்வி. பக்கத்தை நீக்கும் முன் உடையப்போகும் இணைப்புகளைக் காட்டலாம். ஆனால் அவை கோப்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைப்பதில்லை, மரமாக வைக்கின்றன. பேஸ்எக்ஸ் 10-க்கு முந்தைய பதிப்புகளில் வெற்றிட நீக்கம் இயல்பாகவே இயங்கும். முதலில் காட்டிய பத்தியில் 'இன்றே', 'படிவத்தில்' இரண்டும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். 10 முதல் இயல்புநிலை மாறிவிட்டது. எக்சிஸ்ட்-டிபியிலும் கலப்பு உரையின் வெற்றிடத்துக்கென்று அமைப்புக் கோப்பில் தனி விருப்பம் உண்டு. முதல் கோப்பை ஏற்றும் முன் பார்க்க வேண்டியது அது, ஏனென்றால் ஏற்றிய பிறகு மாற்றினால் போன இடைவெளி திரும்பாது. எங்கள் கணிப்பு: மூலப்பிரதி கிட்டில் இருக்கட்டும், தரவுத்தளம் தேடலுக்கும் இணைப்புச் சோதனைக்கும் மறுபடி கட்டக்கூடிய நகலாக இருக்கட்டும்.

முன்னோட்டம்

எக்ஸ்எஸ்எல்டி-யை உலாவியிலேயே ஓட்டி முன்னோட்டம் காட்டும் பழைய ஏற்பாடு உங்களிடம் இருந்தால் அதை மாற்ற ஆயத்தமாகுங்கள். உலாவிகள் 1999-இன் எக்ஸ்எஸ்எல்டி 1.0-வைத் தாண்டி வளரவே இல்லை. அதையும் நீக்கப்போவதாக 2025-இல் குரோம் குழு அறிவித்துவிட்டது. எக்ஸ்எஸ்எல்டிஃபார்ம்ஸ் பற்றிச் சொன்ன ஆபத்து இதுதான்: பதிப்பைப் பார்த்து, உலாவியின் எக்ஸ்எஸ்எல்டி இல்லாமலும் ஓடுமா என்று உறுதிசெய்யாமல் புதிய வேலையை அதில் தொடங்காதீர்கள். மாற்று இரண்டு: சர்வரில் மாற்றி அனுப்புவது, அல்லது 3.0 வரை அறிந்த சாக்சன்ஜேஎஸ். பின்னதில் நடைத்தாளை (மாற்ற விதிகள் கொண்ட எக்ஸ்எஸ்எல்டி கோப்பை) முன்கூட்டியே தொகுத்து வைக்க வேண்டும். எதுவானாலும் தளத்தைக் கட்டும் அதே நடைத்தாள்தான் முன்னோட்டத்துக்கும் ஓட வேண்டும். முன்னோட்டத்துக்கென்று எளிமைப்படுத்திய ஒன்றை எழுதினால் இரண்டும் சில மாதத்தில் பிரிந்துபோகும்.

பாதுகாப்பு

உலாவியிலிருந்து எக்ஸ்எம்எல்லை வாங்கும் எந்தச் சர்வரும் வெளி என்டிட்டித் தாக்குதலுக்கு இலக்கு. டாக்டைப்புக்குள் சர்வரின் ஒரு கோப்பைச் சுட்டும் என்டிட்டியை எழுதி அனுப்பினால், பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல்) அதைத் திறந்து உள்ளடக்கத்தில் சேர்த்துத் தரும். லிப்எக்ஸ்எம்எல்2 என்ற பார்சர் அண்மைப் பதிப்புகளில் இயல்பாகவே இதைத் தடுக்கிறது. ஜாவாவின் பார்சர்களில் நீங்கள்தான் தடுக்க வேண்டும். டாக்டைப்பே வேண்டாத கோப்புகளானால் முழுக்க நிராகரியுங்கள். டீட்டா போல டிடிடி தேவைப்பட்டால், உள்ளூர்க் கேட்டலாக் (டிடிடி எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) வழியாக மட்டும் டிடிடி-யை எடுக்கவிட்டு, வலையமைப்பு வழியைத் தடுத்துவிடுங்கள். எழுத்தாளர்கள் நடைத்தாளையும் திருத்த முடிகிற அமைப்பில் எக்ஸ்எஸ்எல்டி-யின் கோப்பு வாசிக்கும் செயற்கூறையும் பூட்ட வேண்டும்.

எடுத்துச்சொன்னால்

தரவு ரகம் என்றால் படிவம். எண்ணிக்கை எவ்வளவானாலும் அதேதான். கலப்பு ரகமும் சில பேரும் என்றால் கோட் எடிட்டர், கிட், சேமிக்கும்போது சரிபார்ப்பு. மிச்சப் பணத்தில் அவர்களுக்கு இரண்டு நாள் டேக் பயிற்சி. கலப்பு ரகமும் பலரும், அதுவும் பொது ஸ்கீமாவில் என்றால் ஆக்சிஜன் வகை. அமைப்பு ஏற்கெனவே உண்டு. பலர், சொந்த ஸ்கீமா, எழுத்தாளர்கள் வேர்டைத் தவிர எதையும் தொடாதவர்கள் என்றால் ஃபோன்டோ வகை, நிரலாளர் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு. பலர், ஆனால் ஸ்கீமாவே இல்லை என்றால் எதையும் வாங்காதீர்கள். ஸ்கீமாவை எழுதி, பழைய கோப்புகளை அதற்குள் கொண்டுவாருங்கள். அந்த வேலை முடியும்போது எத்தனை டேக் உண்மையில் தேவை என்று தெரியும். பல நேரம் படிவமே போதும் என்று ஆகிவிடும்.

உரிம ஒப்பந்தத்தில் மூன்றைப் படியுங்கள். பயனர் என்பது பெயர்குறித்த ஆளா, ஒரே நேரத்தில் நுழைந்திருக்கும் எண்ணிக்கையா. மாதத்துக்கு ஒருமுறை எழுதும் நாற்பது பேர் இருந்தால் இந்த ஒரு வரியில் செலவு பலமடங்கு மாறும். சொந்தச் சர்வரில் ஓட்டலாமா. உங்கள் பணத்தில் எழுதிய அமைப்பும் நடைத்தாளும் யாருக்குச் சொந்தம். வெளியேறும்போது எக்ஸ்எம்எல் உங்களுடையதுதான், அதைக் கொண்டுபோகலாம். அதற்குள் தங்கிவிட்ட அந்த எடிட்டரின் செயலாக்கக் குறிப்புகளைத் துடைக்க ஒரு நடைத்தாளை வாங்கும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.